செகண்டு அண்ணன் போட்ட பிரேக்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை ஒட்டிய ஒரு டிரெய்லர் யார்டில் நடந்தது இது. கார்களை ஏற்றிச் செல்லும் நீளமான லாரிகளை நிறுத்தி வைக்கிற பெரிய கான்கிரீட் மைதானம் அது. அங்கே ஒரு குடும்பப் பெண்ணுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியாரும் அதையேதான் கேட்டார்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார்களுக்கு ரப்பர் குழாய் தயாரிக்கிற ஒரு கம்பெனியில், லைனின் கடைசியில் உட்கார்ந்து பீஸ் பார்க்கும் வேலை எனக்கு. வெடிப்பு, குமிழ் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். வீடு வல்லக்கோட்டைப் பக்கம். கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்களிடம் ஒரு பழைய சின்ன கார் உண்டு. வாங்கியது அவர், ஓட்டுவது பெரும்பாலும் நான். ஷிப்ட் முடிந்து இடுப்பு ஒடிகிற நாளில்கூட ஸ்டீயரிங்கைப் பிடித்தால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிலருக்குப் பாட்டு, சிலருக்குக் கோலம், எனக்கு இது.

ஆட்டோகிராஸ் என்ற பெயரைக் கம்பெனி பஸ்ஸில்தான் முதன்முதலில் கேட்டேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் தம்பி அதில் ஓட்டுகிறாராம். வெட்டவெளியில் ரப்பர் கோன்களை வைத்து வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்களாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடும். யாரையும் முந்த வேண்டியதில்லை, கடிகாரத்தோடுதான் போட்டி. கோனைத் தட்டினால் நேரம் கூடிவிடும். பந்தயக் கார் தேவையில்லை, வீட்டில் இருக்கிற காரையே ஓட்டலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கணவரிடம் சொன்னேன். "ஆட்டோகிராஸா? சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனாண்ட தெனம் ஷேர் ஆட்டோக்காரன் பண்றானே, அதைப் போய்ப் பாரு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்பு குறைந்ததும் விஷயம் எவ்வளவு தீவிரம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அந்த வருட போனஸில் ஒரு பங்கு எனக்கு. அந்தப் பணத்துக்குள் ஒரு கிளப்பைத் தேர்ந்தெடுத்துச் சேர வேண்டும். சேர்ந்த இடம் சரியில்லை என்றால் அத்தோடு இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

முதலில் போன கிளப் பளபளவென்று இருந்தது. எல்லாரும் ஒரே நிறச் சட்டை, ஒரே நிறத் தொப்பி. எங்களை உட்காரவைத்து குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்ட வேண்டும், டயரை மாற்ற வேண்டும், சீட்டை மாற்ற வேண்டும், தீப்பிடிக்காத உடை தைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் காரை விற்றாலும் தேறாது. அவர்கள் மேல் தப்பில்லை, அது எங்கள் அளவுக்கான இடம் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது இடம் அதற்கு நேர்மாறு. சந்தாவே கிடையாது. ஏதோ ஒரு லேஅவுட்டுக்காகப் போட்டுக் கைவிட்ட தார்ச்சாலையில் பையன்கள் கூடி ஓட்டினார்கள். ஹெல்மெட் போட்டவரும் இருந்தார், போடாதவரும் இருந்தார். கார் திரும்பும் வளைவிலேயே ஆட்கள் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓசி என்றதும் கணவர் முகம் மலர்ந்தது. தானமாகக் கிடைக்கிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார். உட்காரப்போவது நான், அதனால் நான் பல்லைப் பார்த்தே தீருவேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாகத்தான் அந்த டிரெய்லர் யார்டுக்குப் போனோம். பஸ் தோழியின் தம்பி ஓட்டுவது இங்கேதான். எல்லாரும் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். பெயின்ட் ஷாப், ஸ்டோர்ஸ், கேன்டீன், செக்யூரிட்டி என்று கலவையான கூட்டம். சந்தா எங்கள் கைக்கு அடங்கியது. ஹெல்மெட் கிளப்பின் பொதுச்சொத்து, உள்ளே போட்டுக்கொள்கிற துணிக் குல்லா மட்டும் அவரவர் வீட்டிலிருந்து துவைத்துக் கொண்டுவர வேண்டும். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு வழக்கம் மட்டும் பிடிக்கவில்லை. புதிதாக வருகிறவர் முதல் நாள் ஓட்டக் கூடாது. கையில் ஒரு சிவப்புக் கொடியோடு பாதையின் ஒரு மூலையில் நிற்க வேண்டும். தட்டுப்பட்ட கோனை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் கொடியைக் காட்ட வேண்டும். காரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? காசும் கட்டணும், வெயிலிலும் நிற்கணுமா என்று உள்ளுக்குள் பொருமினேன்.

கிளப்பின் செயலாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கொடியை என் கையில் கொடுத்து ஒரே ஒரு விதிதான் சொன்னார். "சந்தேகம்னா ஆட்டிருங்கம்மா. ஏன் ஆட்டுனீங்கன்னு பொறவு பேசிக்கிடுவோம்."

அன்றைக்கு அங்கே எல்லாருடைய பேச்சும் ஒரு மனிதரைப் பற்றித்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை. கிளப் தொடங்கிய நாளிலிருந்து ஓட்டுகிறார், ஒவ்வொரு வருடமும் முதலிடத்தைத் தொட்டும் தொடாமலும் இரண்டாவதாகவே வருகிறார். அதனால் எல்லாருக்கும் அவர் 'செகண்டு அண்ணன்'. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்து ஓய் என்பார். அவரை குஜராத்தில் இருக்கிற பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரமே கிளம்ப வேண்டும். காரை வாங்கவும் ஆள் பார்த்தாகிவிட்டது, மாலையில் வந்து எடுத்துப் போவார்கள். அன்றைய ஓட்டத்தோடு அந்த வருடக் கணக்கும் முடிகிறது. ஜெயித்தால் கோப்பை, இல்லையென்றால் இனிமேல் எப்போதும் இல்லை.

அவருடைய மனைவி அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தார். மடியில் ஒரு மைசூர்பாகு டப்பா. கணவர் ஜெயித்ததும் எல்லாருக்கும் கொடுப்பதற்காம். டப்பாவைத் திறக்கச் சொல்லி ஆளாளுக்குக் கேட்டும் அவர் மூடியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது கடைக்கோடி மூலை. பாதையின் கடைசி வளைவு. அதற்குப் பின்னால் சீமைக்கருவேலம் புதர், அதையடுத்து இடிந்த காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கட்டட வேலை செய்கிற வடநாட்டுக் குடும்பங்களின் தகரக் கொட்டகைகள். என் கணவரையும் விட்டுவைக்கவில்லை. தூரத்தில் இன்னொரு மூலையில் அவரும் ஒரு கொடியோடு நின்றுகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

பார்க்கப் பார்க்க எனக்குப் பொருமல் குறைந்துபோனது. ஓட்டி முடித்தவர்களே ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கோன் பக்கத்தில் நின்றார்கள். செகண்டு அண்ணனும் நின்றார். தன்னோடு போட்டி போடுகிற ஆள் தட்டிய கோனை அவரே ஓடிப்போய் எடுத்து, சுண்ணாம்பில் போட்ட வட்டத்துக்குள் சரியாக வைத்தார்.

கடைசி ஓட்டம் அவருடையது. அதற்கு முன்னால் ஓடியவர்களில் ஓர் இளைஞர் நல்ல நேரம் எடுத்து முதலிடத்தில் இருந்தார். செகண்டு அண்ணன் கிளம்பினார். நான் வண்டி ஓட்டுகிறவள்தான், ஆனால் ஒரு பழைய கார் அப்படித் திரும்பும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கோனுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கைதான் நுழையும், அப்படி உரசாமல் போனார். ஸ்டீயரிங்கோடு சண்டை போடவே இல்லை. பாதி வழியில் நேரம் பார்க்கிறவர் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். அந்த இளைஞரின் நேரத்தை முந்திவிட்டார் என்று அர்த்தம். கூட்டம் கத்தியது. அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

கார் என் மூலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்போது என் கண் ஓரத்தில் ஏதோ மஞ்சளாக அசைந்தது. புதருக்கு நடுவே, தரையிலிருந்து ஒரு சின்னக் குழந்தையின் உயரத்தில். பாவாடையா, சட்டையா தெரியவில்லை. அது பாதைப் பக்கமாக நகர்ந்தது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். பீஸில் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குப் பட்டதும் கை தானாகச் சிவப்புத் தொட்டிக்குப் போகும். எத்தனையோ வருடப் பழக்கம் அது. அதே கைதான் கொடியையும் தூக்கியது.

செகண்டு அண்ணன் பிரேக் போட்டார். கான்கிரீட்டில் டயர் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வளைவுக்கு முன்னாலேயே கார் நேராக நின்றுவிட்டது. அதைத் தாண்டினால் முடிவுக்கோடுதான்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். நான் புதரைக் காட்டினேன். முதலில் போனவர் முள்ளை விலக்கி அந்த மஞ்சளை எடுத்தார். அது யாரோ கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. முள்ளில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு ஆடியிருக்கிறது. மணமகள், மணமகன் பெயர்கூட அழிந்துவிட்டிருந்தது.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. கம்பெனியில் நல்ல பீஸைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். லைன் லீடர் அதை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, இதில் என்ன குறை கண்டாய் என்று கேட்பார். இங்கேயும் அதுதான் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். இந்தக் கிளப்பும் போயிற்று, என் ஒரே வாய்ப்பும் போயிற்று. அதைவிட, ஒரு மனிதரின் இத்தனை வருட ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்ற நினைப்புதான் வாட்டியது.

நினைத்த மாதிரியே கூட்டத்திலிருந்த இன்னோர் இளைஞர் வாய்விட்டார். "ஒரு பைக்குப் போயி கொடிய காட்டிக்கீறாங்களே!" காரிலிருந்து இறங்கி வந்த செகண்டு அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், பைன்னு உனக்கு இப்பத்தான் தெரியும். அவங்களுக்கு அப்ப இன்னா தெரியும்?"

பிறகு என்னிடம் வந்து, "இன்னாமா பார்த்த?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "கொழந்தைன்னு நெனச்சேண்ணா" என்றேன். அவர் புதரைச் சுற்றிப் போய், இடிந்த சுவரில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கொட்டகை வாசல்கள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். யாரும் இல்லை, அது போதும் என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

கொடி காட்டி நிறுத்தினால் அந்த ஓட்டத்தை மறுபடி ஓட விடுவார்கள். விதி அப்படி. ஆனால் அதற்குள் கேட் பக்கம் ஹாரன் கேட்டது. டிரெய்லர் லாரிகள் வந்து வரிசையாக நின்றிருந்தன. யார்டை லாரிகள் வரும்வரைதான் கிளப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள், வாடகை வாங்காமல், சொன்ன சொல்லை நம்பி. லாரி வந்ததும் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். இன்றைக்கு ஒரு நாள் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கலாமே என்று பலரும் சொன்னார்கள். செயலாளர் தயங்கினார். கேட்டிருந்தால் லாரிக்காரர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கேட்க வேண்டாம் என்றார் செகண்டு அண்ணன். "ராத்திரி பூரா ஓட்டிக்கினு வந்துகீறாங்க. பார்க் பண்ணிட்டுத் தூங்க வேணாவா?" என்று சொல்லிக்கொண்டே என் காலடியில் இருந்த கோனை எடுத்தார். அடுத்த கோனை எடுத்து அதன் மேல் அடுக்கினார். அவர் அடுக்க ஆரம்பித்ததும் எல்லாரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்க் கோன்களைப் பொறுக்கினார்கள். நானும் பொறுக்கினேன். கண்ணீர் வந்து கோன் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

அவர் ஏதோ மகான் என்று நான் சொல்லவில்லை. முகம் வாடித்தான் இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் யாருக்கு வாடாது? எல்லாம் முடிந்து லாரிகள் உள்ளே வந்த பிறகு, அவர் தன் காரின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு தனியாக நின்றதைப் பார்த்தேன். கிட்டே போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், ஆனால் போகவில்லை. அவருடைய மனைவிதான் என்னிடம் வந்தார். டப்பாவைத் திறந்து முதல் துண்டை என் கையில் வைத்தார்.

"ஃபர்ஸ்டு வந்தா குடுக்கலாம்னு வாங்கினேன். செகண்டுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டமா கீது? தின்னுமா. வூட்டுக்கு எடுத்துக்கினு போனா எறும்புதான் தின்னும்."

சொல்லிவிட்டுத் தன் கணவரைப் பார்த்து, இந்த மனுஷன் கல்யாணத்துக்கே இரண்டாவதாகத்தான் பெண் பார்க்க வந்தார், முதலில் வந்தவனை வேண்டாம் என்று சொல்லி இவரைக் கட்டினேன் என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டார். கோப்பை வாங்கிய இளைஞர்தான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தார். பைக்காகக் கொடியா என்று கேட்ட இளைஞர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும்போது வழக்கம்போல நான்தான் ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது கணவர், "பணத்தைக் கட்டிடு" என்றார்.

அடுத்த மாதம் எனக்கு முதல் ஓட்டம். செகண்டு அண்ணன் அதற்குள் குஜராத் போய்விட்டார். கிளம்புவதற்கு முன்னால் காரில் உருளக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று சோதிப்பார்கள். எங்கள் காரிலிருந்து ஒரு குடை, இரண்டு தண்ணீர் பாட்டில், மாமியாரின் ஒற்றைச் செருப்பு, வல்லக்கோட்டை முருகனுக்கு உடைக்க மறந்த ஒரு தேங்காய் எல்லாம் வெளியே வந்தன. மானம் போயிற்று. ஆனால் ஹெல்மெட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எல்லாம் மறந்துபோனது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, கோன் எதுவும் விழவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை என்று தோன்றியது.

அப்போது தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி எழுந்தது. எதற்கென்று தெரியவில்லை. என் கண்ணுக்குப் பாதை சுத்தமாகத்தான் இருந்தது. நான் புதியவள், அன்றைய பட்டியலில் கடைசி ஆள், ஜெயிக்கப்போவதும் இல்லை, தோற்க எதுவும் இல்லை. இருந்தும் என் கால் பிரேக்குக்குப் போக மறுத்தது. ஒன்றும் இருக்காது, போ, போ என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஒருவழியாக மிதித்தேன். கொடி காட்டியவரைத் தாண்டிப் போய்த்தான் கார் நின்றது. முன்னால் ஓடியவர் தட்டிய கோன் ஒன்று உருண்டு அந்தப் பக்கப் பாதைக்கு வந்திருந்ததாம். ஆபத்து ஒன்றும் இல்லை, மறுபடி ஓடுங்கள் என்றார்கள்.

நான் காரைத் திருப்பிக் கிளம்பிய இடத்துக்கே ஓட்டிவந்தேன். அன்றைக்கு செகண்டு அண்ணன் நின்றதைப் பெரிய விஷயமாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எவ்வளவு பெரியது என்று என் காலுக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

இப்போதும் கம்பெனி பஸ்ஸில் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். அக்கா, கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, எந்தக் கிளப்பில் சேரலாம், எதைப் பார்த்துச் சேருவது என்று. சந்தா பார், ஹெல்மெட் பார், தரை பார் என்று சொல்வேன். கடைசியாக, ஒருநாள் முழுக்க ஓட்டாமல் ஓரமாக நின்று, அங்கே தோற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா என்றும் சொல்வேன். அவர்கள் தலையாட்டிக்கொள்வார்கள், எவ்வளவு புரிகிறதோ தெரியவில்லை. முதலிடம் கண்ணெதிரே இருந்தபோது, அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த ஒருத்தியின் கையை நம்பி அந்த மனிதர் அப்படியே நின்றாரே, அவ்வளவு நம்பிக்கையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் என் மேல் வைத்ததில்லை.